அனுதினமும் என்ற ஒரு சொல்

சபையோர் அனைவருக்கும் என் அன்பின் வாழ்த்துகள். சீஷத்துவத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டபோது, புதிய ஏற்பாட்டில் நமக்கு வழங்கும் பெயர்களைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். ‘கிறிஸ்தவன்’ என்ற பெயர் அதில் மூன்றே இடங்களில் வருகிறது: அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு முறை, பேதுருவின் முதலாம் நிருபத்தில் ஒரு முறை. ‘சீஷன்’, அதாவது கற்றுக்கொள்கிறவன், என்பதற்குரிய கிரேக்கச் சொல்லோ சுவிசேஷங்களிலும் நடபடிகளிலுமாக 250 முறைக்கு மேல் வருகிறது. அந்தியோகியாவில்தான் முதன்முதலாகச் சீஷர்கள் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்கள் முதலில் சீஷர்களாக வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கையைக் கண்டு ஊரார் அவர்களுக்குப் பெயரிட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நம்மில் பலருக்கு இந்த வரிசை மாறிவிட்டது. பெயர் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. சீஷனாகும் வேலை தொடங்காமலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஒருவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்ற வேண்டும் என்று இயேசு சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘அனுதினமும்’ என்ற சொல் லூக்காவில் மட்டுமே இருக்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் இன்று நான் நிற்க விரும்புகிறேன். சிலுவையைச் சுமந்து போகிறவன் திரும்பி வருவதில்லை என்பது ரோமரின் ஆட்சியில் வாழ்ந்த எல்லாருக்கும் தெரியும். அது ஒரே முறை போகிற பாதை. அப்படியிருக்க, தினந்தோறும் எடுத்துக்கொள்வது எப்படி? மனந்திரும்புதல் ஒரு நாளில் நிகழலாம். ஆனால் மனிதனுக்குள் பல அறைகள் இருக்கின்றன, எல்லா அறைகளின் கதவும் அதே நாளில் திறந்துவிடுவதில்லை. இதுவே நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். சகேயு பேசுமுன் இயேசு அவன் வீட்டில் என்ன போதித்தார் என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. விருந்தாளி வந்தார் என்பதும், வீட்டுக்காரன் எழுந்து நின்று பணத்தைப் பற்றிப் பேசினான் என்பதும் மட்டுமே நமக்குத் தெரிகின்றன. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை. இந்தக் கணக்கைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தானாகவே குற்றத்தை அறிக்கையிட்டு ஈடு செய்கிறவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். நாலத்தனையாகக் கொடுப்பது, ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ விதிக்கப்பட்டது. சகேயு தனக்கு அனுமதிக்கப்பட்ட இலகுவான விதியை விட்டு, திருடனுக்குரிய விதியைத் தானே தன்மேல் எடுத்துக்கொள்கிறான். ‘வரி வசூலித்தேன்’ என்று அதுவரை சொல்லி வந்ததை இப்போது திருட்டு என்று எண்ணுகிறான். அவனுடைய விசுவாசம் அவனுடைய கணக்குப் புத்தகத்தையே வேறு விதமாக வாசிக்க வைத்தது.

அதற்கு அடுத்த நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வேதம் அதைச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அவன் ஒவ்வொரு வாசலாகப் போய், கதவைத் தட்டி, தன்னைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். ‘அனுதினமும்’ என்பதன் பொருள் அந்த வாசல்களில்தான் இருக்கிறது.

இதில் என் சொந்தக் குறை ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. சொத்துப் பங்கீட்டின்போது நான் சொன்ன ஒரு கடுஞ்சொல்லால், என் அண்ணனோடு ஏழு ஆண்டுகள் பேச்சில்லாமல் இருந்தேன். அந்த ஏழு ஆண்டுகளும் காலை ஜெபம் தவறியதில்லை. வேதபாட வகுப்பும் நடத்தினேன். சகேயுவைப் பற்றியே ஒரு முறை பாடம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நாற்காலியில் உட்காரக்கூட முடியவில்லை. கைபேசியில் அண்ணனின் எண்ணை அழுத்துவேன். மணி அடிக்குமுன் துண்டித்துவிடுவேன். நான்காவது முறை துண்டிக்கவில்லை. அவர் எடுத்து, “சாப்பிட்டியாடா?” என்றார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

இதைவிடப் பெரிய அறை ஒன்று ஆங்கிலேயப் போதகர் ஜான் நியூட்டனின் வாழ்க்கையில் பூட்டிக் கிடந்தது. 1748-ஆம் ஆண்டு கடும்புயலில் கப்பல் மூழ்கும் தருவாயில் தேவனை நோக்கிக் கூப்பிட்டவர் அவர். அந்த நாளைத் தம் மனமாற்றத்தின் நாளாகவே கடைசிவரை நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடந்தார்கள். அவர் கடல் தொழிலை விட்டதும் நோயினாலேயே தவிர மனச்சாட்சியினால் அல்ல. பின்பு 1764-இல் குருப்பட்டம் பெற்றார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தம் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவர் எழுதியது 1788-இல். புயலிலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டுகள்.

இந்த நாற்பது ஆண்டுகளைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. அவர் கபடமாக ஜெபித்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தொழில் அன்றைக்கு மரியாதையான தொழில். சுற்றியிருந்த சபையாரும் அதைப் பாவம் என்று பெரும்பாலும் சொல்லவில்லை. எல்லாரும் சரியென்று எண்ணுகிற பாவத்தைக் காண்பதற்கு, விசுவாசியின் கண்ணும் திறக்கப்பட வேண்டியிருக்கிறது. அவர் தாமதித்த ஆண்டுகளின் விலையை வேறு மனிதர்கள் தங்கள் உடலில் செலுத்தினார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. கிருபை பொறுமையுள்ளது என்று சொல்லி நம் தாமதத்தை நியாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. எனினும் அவர் பிந்தியாவது கண்டதைக் கண்டதாகச் சொன்னார். வயது முதிர்ந்த நிலையில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் அளித்தார். அந்த வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மரித்தார்.

நம் கண்ணுக்குத் தெரியாத அறையை யார் காட்டுவார்? பெரும்பாலும் ஒரு சகோதரன்தான். பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவரும், யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவருமான பேதுருவே, பிற்பாடு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதை விட்டு, விருத்தசேதனமுள்ள யூதர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகமுகமாக எதிர்த்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் படிக்கிறோம். பெருந்தூணாக மதிக்கப்பட்டவரையும் எல்லார் முன்பாகத் திருத்த ஒரு சபையில் இடம் இருந்தது. இன்று நம் சபைகளில் அந்த இடம் இருக்கிறதா என்ற கேள்வியை மூப்பர்களிடமும் போதகர்களிடமும் பணிவோடு வைக்கிறேன். ஏனெனில், ஒருவரும் திருத்தத் துணியாத மனிதர் கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுகிறார், கற்றுக்கொள்ளாதவரைச் சீஷன் என்று அழைக்க முடியாது.

அதே பேதுருவோடு முடிக்கிறேன். கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் யோவான் சுவிசேஷத்தில். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிருக்காக மூட்டியிருந்த கரிநெருப்பின் அருகே நின்று பேதுரு இயேசுவை மறுதலித்தார். பிறகு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மூட்டியிருந்த கரிநெருப்பின் அருகே பேதுரு வந்து நிற்கிறார். அதன்மேல் மீனும், அப்பமும் இருந்தன. ஆண்டவர் முதலில் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகே, மூன்று முறை, “நீ என்னை நேசிக்கிறாயா?” என்று கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார். ஆடுகளை அவர் கையில் ஒப்புவித்து, வலைகளை விட்டு வரச் சொன்ன முதல் நாளில் கேட்ட அழைப்பையே, ஆண்டவர் அவருக்கு மறுபடியும் கொடுத்தார்: “என்னைப் பின்பற்றி வா.”