குரோம்பேட்டை எம்.ஐ.டி.: பின்னால் வந்தவர்கள் வாங்கிய விருதுகள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு எம்.ஐ.டி.யின் வரலாறும் விருதுகளும். விருதுகளை வரிசையாக வாசிக்க ஆரம்பித்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் மெதுவாக டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். அதனால் பட்டியல் வேண்டாம். நாலைந்து விருதுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அவற்றை வாங்கியவர்கள் இந்தக் கல்லூரிக்குள் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று பார்ப்போம். நான் சொல்வது அமெரிக்காவில் இருக்கும் எம்.ஐ.டி. இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நிற்கிற எம்.ஐ.டி. மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் போய்க்கொண்டே இருக்கும், கீழே விமானப் பொறியியல் வகுப்பு நடக்கும். இப்படி ஓர் இடம் அமைவது கொடுப்பினைதான்.

1949ல் ஆரம்பித்த கல்லூரி. அரசாங்கம் ஆரம்பித்ததல்ல. சின்னசாமி ராஜம் என்ற தொழிலதிபர், சி. ராஜம் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும், 'இந்தியா ஹவுஸ்' என்ற தன்னுடைய பெரிய வீட்டை 5 லட்ச ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை முதலாக வைத்து இதைத் தொடங்கினார். ஒரு பவுன் தங்கம் 100 ரூபாய்க்குள் விற்ற காலத்தில் 5 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறையில் இப்படிக் கொடுத்தவர்கள் இன்னும் சிலர் உண்டு, கிண்டியில் ஏ.சி. டெக் என்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறதென்றால் அதில் இருக்கும் 'ஏ.சி.' அழகப்பச் செட்டியார்தான். ஆனால் இருக்கிற காசில் கொடுப்பது ஒன்று, குடியிருக்கிற வீட்டை விற்றுக் கொடுப்பது வேறொன்று. தனக்கு ஒரு பெரிய வீடு தேவையில்லை, நாட்டுக்கு இஞ்சினியர்கள் தேவை என்று ஒரு மனுஷன் முடிவெடுத்திருக்கிறார் என்றால் வீட்டில் என்ன சண்டை நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, பணம் வந்துவிட்டது, என்ன சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் ராஜத்தின் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு இஞ்சினியரிங் என்றால் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல். படித்து முடித்தால் பொதுப்பணித்துறை, ரயில்வே, மின்சார இலாகா, அப்புறம் பென்ஷன். எம்.ஐ.டி. அந்தப் பக்கமே போகவில்லை. ஏரோநாட்டிகல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமெண்டேஷன் என்று நான்கு படிப்புகள். ஆட்டோமொபைலையாவது விட்டுவிடலாம், அசோக் மோட்டார்ஸ் 1948லேயே வந்துவிட்டது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு வேலை கொடுக்க வேண்டிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பிறந்ததே 1954ல். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பரில். விமானம் செய்கிற இடம் என்று சொன்னால் பெங்களூரில் ஹெச்.ஏ.எல்., அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு கல்லூரியில் புதுப் படிப்பு தொடங்கினால் முதல் கேள்வியே பிளேஸ்மென்ட் எவ்வளவு என்பதுதான். அந்தக் கேள்வியை 1949ல் யாராவது கேட்டிருந்தால் ராஜத்திடம் பதில் இருந்திருக்காது.

அடுத்து வருவதுதான் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் எம்.ஐ.டி.யில் சேர முதலிலேயே பி.எஸ்சி. முடித்திருக்க வேண்டும். பட்டம் வாங்கினவர்கள் வந்து மூன்று வருடம் படிப்பார்கள், கையில் டி.எம்.ஐ.டி. என்ற டிப்ளமோ கிடைக்கும். அதாவது பள்ளிக்கூடம் முடித்த கையோடு நுழைய முடியாத கல்லூரி. இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள், சின்ன ஊரில் படிக்கிற பையனுக்குப் பதினாறு, பதினேழு வயதில் ஏரோநாட்டிகல் என்று ஒரு படிப்பு இருப்பதே தெரியாது, தெரிந்தாலும் வீட்டில் காசு இருக்காது. பக்கத்து டவுனில் பி.எஸ்சி. ஃபிசிக்ஸோ கணக்கோ சேர்ந்துவிடுவான். இருபது வயதில் கொஞ்சம் விவரம் வந்தபிறகு, அடடா, இஞ்சினியரிங் போயிருக்கலாமே என்று நினைக்கும்போது எல்லாக் கதவும் அடைத்திருக்கும். எம்.ஐ.டி. மட்டும், வா, உனக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்றது.

அந்த வழியாக வந்தவர்களில் ஒருவரை எல்லோருக்கும் தெரியும். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படித்துவிட்டு, தனக்கு வேண்டியது இதில்லை என்று தாமதமாகப் புரிந்துகொண்டு 1955ல் இங்கே வந்தார் அப்துல் கலாம். அக்கா ஜொஹ்ரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து ஃபீஸ் கட்டிய கதை, டிசைனை மூன்று நாளில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் கட் என்று பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மிரட்டிய கதை, இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளே மேடையேறிச் சொல்கிறார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. அவர் எழுதியதிலேயே அதிகம் பேசப்படாத இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று ஆசிரியர்கள் பற்றியது. அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்பாண்டர் என்பவர் ஆஸ்திரியாக்காரர், இரண்டாம் உலகப்போரில் நாஜிகளிடம் பிடிபட்டு வதைமுகாமில் கிடந்தவர், ஜெர்மானியர் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் ஏரோநாட்டிகல் துறைக்குத் தலைவர் வால்டர் ரெபெந்தின், ஜெர்மானியர்! அது போதாதென்று குர்ட் டாங்க் வேறு இருந்தார், போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்தவர். போரின் இரண்டு பக்கமும் குரோம்பேட்டையில் ஒரே துறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்பாண்டர் அந்த வெறுப்பை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில்லை என்கிறார் கலாம். டாங்க் பிறகு இங்கிருந்து ஹெச்.ஏ.எல். போனார், அவர் வடிவமைத்த ஹெச்.எஃப். 24 மாருத் 1961ல் பறந்தது, இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம். கல்லூரி ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அதில் பாடம் நடத்தியவரின் விமானம் வானத்தில். இதை எந்த விருதுப் பட்டியலில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நான் சேர்ப்பேன்.

இன்னொன்று உண்மையான விருது. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. கலாம் தமிழில் எழுதினார், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் ஒரு கட்டுரை. முதல் பரிசு. பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். பத்ம பூஷண் 1981ல் வந்தது, எஸ்.எல்.வி. 3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதற்கு அடுத்த வருடம்; 1990ல் பத்ம விபூஷண், 1997ல் பாரத ரத்னா. இந்த மூன்றுக்கும் முன்னால் விமானத்துக்காக அவர் வாங்கிய விருது, ஹாஸ்டல் பையன்கள் நடத்திய தமிழ்ச் சங்கம் கொடுத்தது. இஞ்சினியரிங் கல்லூரியில் தமிழ்ச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். சுஜாதா என்று சொன்னால்தான் தெரியும். இவரும் அதே செயின்ட் ஜோசப்ஸ், அதே பி.எஸ்சி., அப்புறம் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். எழுத்தாளராகக் கலைமாமணி வாங்கினார், அறிவியலை மக்களுக்குக் கொண்டுசேர்த்ததற்காக 1993ல் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் விருது வாங்கினார். எனக்கு முக்கியமாகப் படுவது, தொழில்துறை ஆராய்ச்சிக்காகக் கொடுக்கும் வாஸ்விக் விருது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைத் தலைமையேற்று மேற்பார்த்தவர் அவர், அதற்காகக் கிடைத்தது. அந்த மெஷின் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை: 1982ல் கேரளாவில் பரவூர் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் முதல்முதலாக வைத்தார்கள், சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவு செல்லாது என்றது, பிறகு சட்டத்தையே திருத்தி, 2004ல்தான் நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிக்கும் வந்தது. நல்ல கருவிக்குக்கூட இருபத்திரண்டு வருடம் காத்திருப்புப் பட்டியல். இந்த ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டவர் மேற்பார்த்த பொத்தானைத்தான் நாம் ஒவ்வொரு தேர்தலிலும் போய் அமுக்குகிறோம், பீப் சத்தம் வருகிற வரைக்கும் விரலை எடுக்காமல்.

மூன்றாவது ஆள், கே. சிவன். கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளை, விவசாயக் குடும்பம், அரசுப் பள்ளியில் தமிழ் வழி. இஞ்சினியரிங் படிக்க ஆசைப்பட்டபோது அப்பா முடியாது என்றுவிட்டார், செலவு அதிகம், பி.எஸ்சி. போ என்று. இவர் சாப்பிடாமல்கூட அடம்பிடித்துப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு. முடித்ததும் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, போன தடவை தடுத்துவிட்டேன், இந்தத் தடவை நிலத்தை விற்றாவது அனுப்புகிறேன் என்றார். அப்படி வந்ததுதான் எம்.ஐ.டி., 1980ல் ஏரோநாட்டிகல் முடித்தார். அதுவரை வேட்டிதான், பேண்ட் போட்டதே எம்.ஐ.டி.க்கு வந்துதான் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். படித்து முடித்தபோது ஏரோநாட்டிகலில் வேலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.க்கு மேல்படிப்புக்குப் போனார், 1982ல் இஸ்ரோ. 2018ல் இஸ்ரோவின் தலைவர். பிளேஸ்மென்ட் கணக்கில் பார்த்தால் எம்.ஐ.டி. முடித்த வருடம் அவர் தோல்விப் பட்டியலில் இருந்திருப்பார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கலாம், சுஜாதா, சிவன், மூன்று பேரும் முதல் வாய்ப்பில் இஞ்சினியரிங் போகாதவர்கள். இந்தக் கல்லூரி பதினேழு வயதில் மட்டும் ஆள் எடுத்திருந்தால் மூன்று பேரும் வந்திருக்க முடியாது. என் கணக்கில் எம்.ஐ.டி.யின் பெரிய சாதனை அந்தச் சேர்க்கை விதிதான், மற்ற விருதுகளெல்லாம் அதற்கு வந்த வட்டி. ராஜத்துக்கு அதில் ஒரு ரூபாய் வட்டிகூடக் கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை.

1978ல் கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி இவற்றோடு எம்.ஐ.டி.யும் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் ஆனது. அதற்குப் பின்னாலும் நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. அனுசாட் என்று 40 கிலோ எடையில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள், இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது, 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி12 ராக்கெட்டில் ரிசாட் 2 செயற்கைக்கோள் கூடவே போனது, வேலை நடந்தது குரோம்பேட்டை வளாகத்தில். 2018ல் எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழு ஆஸ்திரேலியாவில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக நடிகர் அஜித் இருந்தார். (இங்கே விசில் வந்தது, கலாமுக்கு வராத விசில். பரவாயில்லை, ட்ரோன் பற்றி நாலு பேர் தெரிந்துகொண்டால் சரி.)

ஆனால் அந்தப் பழைய மூன்று வருடப் படிப்பு இப்போது இல்லை. எல்லாக் கல்லூரியையும் போல பிளஸ் டூ முடித்து நேராக நான்கு வருட பி.இ. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும்போது ஒரே மாதிரி இருப்பதுதான் நிர்வாகத்துக்கு வசதி, அது புரிகிறது. கட்-ஆஃப் பார்த்தால் இன்றைக்கு அங்கே நுழைகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதிலும் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த விதியை எடுத்தது நஷ்டம் என்றுதான் நான் நினைக்கிறேன், இந்த மேடையில் இருக்கிற இரண்டு பேராசிரியர்களுக்கு இதில் உடன்பாடில்லை, காப்பி குடிக்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு அம்மா, என் பையன் பி.எஸ்சி. மேத்ஸ் இறுதி ஆண்டு, இனிமேல் வழியே இல்லையா சார் என்று கேட்டார்கள். இருக்கிறதம்மா. லேட்டரல் என்ட்ரி என்று பெயர், டிப்ளமோ முடித்தவர்களுக்கு மட்டும் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணக்கு படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குத் தனிக் கவுன்சிலிங், பல வருடமாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரிதான் நடத்தி வருகிறது. மார்க் ஷீட் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் அறிவிப்பு எப்போது வருகிறது என்று இப்போதிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள், கடைசித் தேதி சட்டென்று போய்விடும்.