எண்ணிக்கையில் விட்டுப்போனவர்கள்

நடுவர் அவர்களே, பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, கொடியேற்றம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"மக்கள் குறைந்துபோன கத்தோலிக்கத் தெருக்கோயிலை மூடி, சுற்றுவட்டாரத்துக்குப் பொதுவான பங்குக் கோயிலோடு சேர்ப்பதே நல்லது" என்று எதிரணி பேசி முடித்துவிட்டது. மூடக்கூடாது என்று சொல்ல வந்தவன் நான். 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடியில் நின்று வாதாடுகிறேன். இங்கே சின்னப் பிள்ளைக்கும் வாதம் எது, வாய்ஜாலம் எது என்று தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் எங்கள் தெருக்கோயிலின் கணக்கைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவது 22 பேர். உண்டியலில் விழுவது கரண்டு பில்லுக்கே காணாது. சாமியாருக்கு இன்னும் ஆறு கிளைக்கோயில் இருக்கிறது, ஒரே காலையில் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்? மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டால் பங்குக்கு வருமானமாவது வரும் என்றார். சாமியார் ஓடுவது பொய்யில்லை. வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, வழியும் வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அவர் பூசை உடுப்புப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

என் வழக்கு அந்த 22 என்ற எண்ணோடுதான். யாரை எண்ணினீர்கள் ஐயா?

எண்ணுவது எப்படி என்று நம் செட்டிநாட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். நகரத்தார் வழக்கத்தில் ஆணும் பெண்ணும் கல்யாணம் முடித்தால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி சென்னையில் இருந்தாலும் சரி, சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, கோயில் கணக்கில் அது புள்ளிதான். புள்ளி வரி வந்து சேரும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருத்தெருவாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் இளையாற்றங்குடியிலும் வைரவன்பட்டியிலும் உள்ள நகரத்தார் கோயில்களில் விளக்கு எரிகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் கோயிலைப் பூட்டவில்லை.

நம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிப் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகளை நாம் அப்படி எண்ணியிருக்கிறோமா? போன தவக்காலத்தில் எங்கள் இளையோர் நான்கு பேர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, நம்பர் தேடித் தேடி ஒவ்வொரு குடும்பமாகப் போன் போட்டார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஓர் அக்கா, கல்யாணமாகி இந்த ஊரை விட்டுப் போய் முப்பது வருசம் இருக்கும், "அங்கே இன்னும் மணி அடிக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார். மூடியாயிற்று என்றே நினைத்திருந்தாராம். பேசினவர்களில் பாதிக்கு மேல் மாசா மாசம் அனுப்புகிறோம் என்றார்கள், இப்போது அனுப்புகிறார்கள். இத்தனை வருசம் ஏன் அனுப்பவில்லை? யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, மணி என்றதும் நினைவுக்கு வருகிறது. காலையில் அதை அடிப்பவர் எழுபது தாண்டிய ஓர் ஆத்தா. ஐந்தரைக்கு வந்து கதவைத் திறந்து, புறா எச்சத்தைக் கூட்டிப் பெருக்கி, சரியாக ஆறு மணிக்குக் கயிற்றைப் பிடிப்பார். மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. போன ஐப்பசி மழையில் கயிறு இற்று அறுந்துபோனது. எதிர்த்த பலசரக்குக் கடைக்காரர் கிறிஸ்தவர் இல்லை. "பன்னண்டு மணி அடிக்காம எனக்குச் சோத்துக்குப் போகத் தோணலை ஆத்தா" என்று சொல்லி, தன் வீட்டுக் கிணற்றுக்கு வாங்கி வைத்திருந்த நீல நைலான் கயிற்றைக் கொண்டுவந்து அவரே கட்டிக் கொடுத்தார். இப்போதும் அந்த நீலக் கயிறுதான். இந்தச் சீமைக்கு இது புதிதும் இல்லை. சருகணி தேவாலயத்துக்கு மருது பாண்டியர் மானியம் கொடுத்த மண் இது.

அந்த ஆத்தாவைப் பங்குக் கோயிலுக்கு வரச் சொல்கிறீர்கள். இரண்டரைக் கிலோமீட்டர், நடுவில் லாரி பறக்கும் மெயின் ரோடு. ஆட்டோவுக்குப் போக 80, வர 80. மாதம் நான்கு ஞாயிறு என்றால் 640 ரூபாய். அவருக்கு வரும் முதியோர் உதவித்தொகை 1,200. அதில் பாதிக்கு மேல் ஆட்டோவுக்குப் போனால் அப்புறம் மாத்திரைக்கு? 'இணைப்பு' என்று எதிரணி அழகாகச் சொன்னது. மூடிய கோயிலின் 22 பேரில் எத்தனை பேர் பெரிய கோயிலுக்கு வந்து சேருவார்கள் என்று சொல்லவில்லையே!

சட்டமும் பேசினார்கள், ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, மூட அதிகாரம் உண்டு என்று. உண்டுதான். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1222-ஆம் சட்டத்தைப் பாருங்கள். வழிபாட்டுக்கு எந்த வகையிலும் உதவாமல், பழுதுபார்க்கவும் வழியில்லாமல் போன கோயிலை வேறு பயனுக்கு விடலாம். மற்றபடி கனமான காரணம் வேண்டும், அதற்கும் சாமியார்கள் கூடிய குருக்கள் மன்றத்தைக் கேட்க வேண்டும். குருக்கள் குறைவு, மக்கள் குறைவு, பண நெருக்கடி, இவை அப்படி விடுவதற்கு நியாயமான காரணங்கள் ஆகமாட்டா என்று 2020 ஜூலையில் ரோமிலிருந்து வந்த அறிவுரையே சொல்லிவிட்டது. எதிரணி இன்று அடுக்கியதும் இதே மூன்றைத்தான். அப்புறம், வாராவாரம் பூசை வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. மாதம் ஒரு பூசை கொடுங்கள். மற்ற ஞாயிறுகளில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் இறைவார்த்தை வழிபாடு நடத்தட்டும்.

நண்பர் ஒருவர் ஜான் டி பிரிட்டோ என்ற புனித அருளானந்தரைத் துணைக்கு அழைத்தார். மறவர் நாட்டில் ஒளிந்து நடந்து மறையுரைத்தவருக்கு எந்தக் கட்டடம் இருந்தது என்றார். இல்லைதான். ஆனால் 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் தலை விழுந்த ஓரியூர்ச் செம்மண்ணை மக்கள் விட்டார்களா? மூன்று நூற்றாண்டு தாண்டியும் முந்தானையில் முடிந்து எடுத்துப்போகிறார்கள். கட்டடமே இல்லாமல் நடந்தவரின் நினைவுக்கும் போய் நிற்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

கடைசியாக எங்கள் தெருக்கோயிலின் சுவர். இடித்துக் கட்டினால்தான் ஆகும், அதற்குப் பல லட்சம் வேண்டும் என்று ஒரு எஸ்டிமேட் வந்தது. மூடும் பேச்சே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளில் வேலை பார்த்த பெரிய கொத்தனார் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினோம். பீடத்துக்கு வலப்பக்கம் உப்புப் பூத்து உப்பியிருந்த இடத்தில் கரண்டியின் முனையால் மெல்லத் தட்டினார். தட்டுத் தட்டாகச் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தோடு, ஆனால் கெட்டியாக, விரலால் தேய்த்தால் வழுவழுப்பாக இருந்தது. "செவுரு நல்லாருக்குங்க. மேல சிமெண்ட்டப் பூசி மூச்சு விடாமப் பண்ணிட்டாங்க, ஈரம் வெளிய போக வழியில்ல" என்றார். சிமெண்டைச் சுரண்டி எடுத்து, சுவரைக் காயவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் பூசினால் போதுமாம். அவர் சொன்ன தொகை வெளியூர்ப் பிள்ளைகள் இதுவரை அனுப்பியதற்குள் அடங்குகிறது. சாமியாரிடம் சொன்னோம், செய்யுங்கள் என்றார்.

சிமெண்டைச் சுரண்டிவிட்டோம், சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. கோயில் முற்றத்துத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறுகிறது. ஆத்தா தினமும் மணி அடித்துவிட்டு அதில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து ஊற்றுகிறார். திருவிழா முடிந்த மறுநாள் திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். நடுவர் அவர்களே, அதற்குள் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.