வீடு அல்ல, அந்த வீட்டுக்கு வந்தவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் புறநகர்களின் வாக்கைப் பெரிதும் தீர்மானிப்பது சொந்த வீடா, அங்கே குடியேறிய மக்களா என்ற கேள்வியில், குடியேறிய மக்களே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வலுவான வாதம் ஒன்றை வைத்துச் சென்றார். வீட்டுக்கடனுக்குத் தவணை கட்டத் தொடங்கியவர் சொத்து வரிக்கு அஞ்சத் தொடங்குகிறார், அந்த அச்சமே அவரைக் குடியரசுக் கட்சியின் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றார். சான்றாக, 1978-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவைக் காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. சொத்து வரியை 1 சதவீதத்துக்குள் அடக்கி, வீடு கைமாறும் வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரையறுத்த அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. என் வாதம் அங்கிருந்தே தொடங்குகிறது.

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே உள்ள ஆரஞ்சு கவுண்டியை, நம் மாவட்டம் போன்ற அந்தப் பகுதியை, பாருங்கள். 1936-இல் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்த பிறகு, 2012 வரை ஒரு அதிபர் தேர்தலில்கூட அது ஜனநாயகக் கட்சியின் பக்கம் திரும்பவில்லை. 1964-இல் நாடே ஜனநாயகக் கட்சியின் ஜான்சனுக்கு வாரி வழங்கியபோதும் அது குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டரோடு நின்றது. அதே கவுண்டி 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனைத் தேர்ந்தது. 2018-இல் தன் எல்லைக்குள் வந்த 7 பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளையும் ஜனநாயகக் கட்சிக்கே கொடுத்தது. வரிச் சட்டம் மாறவில்லை. வீட்டின் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. எதிரணியின் கணக்குப்படி பார்த்தால் அந்த அச்சம் கூடியிருக்க வேண்டும், குடியரசுக் கட்சியின் வாக்கும் உயர்ந்திருக்க வேண்டும். மாறியது வீட்டுக்குள் இருந்தவர்கள்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வெள்ளையர்கள் பாதிக்கும் குறைவாக இருந்தார்கள்.

இந்த மாற்றம் மெல்ல நடந்தது என்றாலும், அது கண்ணுக்குத் தெரிந்த ஒரு நாள் உண்டு. ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்கும் 187-ஆம் முன்மொழிவு 1994-இல் கலிபோர்னியாவில் நிறைவேறியது. சீற்றம் கொண்ட லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த, குடும்பங்கள் பலவும் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொண்டன. அடுத்த தேர்தலில், 1996-இல், ஆரஞ்சு கவுண்டியின் சான்டா அனா நகரை மையமாகக் கொண்ட தொகுதியில் நீண்டகாலக் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் டோர்னனை ஜனநாயகக் கட்சியின் லோரெட்டா சான்செஸ் 984 வாக்குகளில் வென்றார். வரி ஏறியதாலோ இறங்கியதாலோ வந்த வெற்றி அல்ல அது.

வந்தவர்கள் என்றாலே ஜனநாயகக் கட்சிதான் என்று நான் சொல்வதாக எதிரணியினர் எண்ணிவிட வேண்டாம். சான்டா அனாவுக்குப் பக்கத்திலேயே வெஸ்ட்மின்ஸ்டர் இருக்கிறது. 1975-இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபின் அகதிகளாக வந்த வியட்நாமியர்கள் அங்கே 'லிட்டில் சைகோன்' என்ற குடியிருப்பை வளர்த்தெடுத்தார்கள். கம்யூனிச ஆட்சியிடம் நாட்டையே பறிகொடுத்த அந்தத் தலைமுறை நீண்டகாலம் குடியரசுக் கட்சியோடு நின்றது. கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு 2004-இல் முதன்முதலாகத் தேர்வான வியட்நாமியர் வான் டிரான் அக்கட்சியைச் சேர்ந்தவரே. இரண்டு ஊர்களும் ஒரே கவுண்டியில், ஒரே சொத்து வரி விதியின் கீழ் இருக்கின்றன. ஆயினும் அவற்றின் வாக்கு எதிரெதிர்த் திசைகளில் போனது. இதற்கு வீட்டை வைத்து விளக்கம் சொல்ல முடியுமா, நடுவர் அவர்களே?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் டெட்ராய்ட்டுக்கு வடக்கே உள்ள மாகோம் கவுண்டியைக் காட்டினார். 1960-இல் ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு ஏறத்தாழ 63 சதவீதம் தந்த அந்தத் தொழிலாளர் புறநகர், 1984-இல் குடியரசுக் கட்சியின் ரீகனுக்கு ஏறத்தாழ 66 சதவீதம் தந்தது. ஆகவே சொந்த வீடு தொழிலாளியையும் மாற்றிவிட்டது என்றார். கடினமான எடுத்துக்காட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1985-இல் கருத்துக்கணிப்பாளர் ஸ்டான் கிரீன்பெர்க் அங்கே போய் அந்த வாக்காளர்களை உட்காரவைத்துப் பேசச் சொன்னபோது, வெளிப்பட்டது பெரும்பாலும் கறுப்பின மக்கள் மீதும் தாங்கள் விட்டுவந்த டெட்ராய்ட் மீதும் இருந்த மனக்கசப்பு. எங்கிருந்து, யாரை விட்டு விலகி வந்தோம் என்ற நினைவே அங்கே வாக்களித்தது.

வீடுதான் முதலில், மனிதர் பிறகுதான் என்று எதிரணி இன்னமும் சொல்லுமானால், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947-இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பின் குத்தகைப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கட்டும். அதன் 25-ஆம் பிரிவு, வெள்ளையர் அல்லாத எவரும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று பெரிய எழுத்துகளில் தடுத்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்குத் தந்தது. வீட்டைக் கட்டியவரே, உள்ளே வாழப்போகிறவர் யார் என்பதைச் சாவியைக் கொடுக்கும் முன்பே முடிவு செய்திருந்தார் என்பதற்கு இதைவிட எழுத்துபூர்வமான சான்று வேண்டுமா? பென்சில்வேனியாவில் அதே நிறுவனம் கட்டிய லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். அண்டை வீடுகளைப் போன்ற வீடுதான் அது. கூட்டம் திரண்டு வந்து கல்லெறிந்தது அந்த ஒரு வீட்டின் மீது மட்டும்.