பெட்டியைச் சோதித்துவிட்டால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. போட்டி நாட்டு நிறுவனத்தின் கருவிகளைத் தொலைத்தொடர்பு நெட்வொர்க்கில் பொருத்தலாமா என்ற பேச்சு வந்தாலே, "பெட்டிக்குள் ரகசியக் கதவு, அதாவது வெளியாள் நுழைய மறைத்து வைத்த வழி, ஏதும் இருக்கிறதா என்று சோதித்துவிட்டால் போயிற்று" என்று பலர் சொல்கிறார்கள். அந்தச் சோதனையைப் பிரிட்டன் நிஜமாகவே செய்து பார்த்தது.

2010இல் பான்பரி என்ற ஊரில் ஒரு மையம் தொடங்கினார்கள். செலவு சீனத் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான ஹுவாவேயுடையது, மேற்பார்வை பிரிட்டிஷ் உளவு அமைப்புடையது. ஹுவாவே தன் மென்பொருளின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) கொடுக்கும், அங்குள்ள வல்லுநர்கள் ஆராய்வார்கள். இத்தனை வருடம் பார்த்த பிறகும் 2019இல் மேற்பார்வைக் குழு தந்த அறிக்கை, ஓரளவுக்கு மேல் உத்தரவாதம் தர முடியாது என்றது. சீன அரசு வேண்டுமென்றே எதையோ செருகியது என்று அவர்கள் சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள். நிரல் எழுதப்பட்ட விதமே மோசம் என்றார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: மையத்தில் ஆராய்ந்த நிரலும் வெளியே கருவிகளில் ஓடும் நிரலும் ஒன்றுதானா என்று உறுதிசெய்வதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. 2020 ஜூலையில் பிரிட்டன், 2027 முடிவதற்குள் 5ஜி நெட்வொர்க்கிலிருந்து ஹுவாவே கருவிகளை அகற்றச் சொல்லிவிட்டது.

சரி, நிரல் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளில் அப்டேட் வரும். அப்புறம் இன்னொன்று வரும். நள்ளிரவில் ஏதாவது கோளாறு என்றால், விற்ற நிறுவனத்தின் பொறியாளர் தொலைவிலிருந்தே உள்ளே நுழைந்து சரிசெய்வார். அதுவும் உச்சபட்ச அனுமதியோடு. நாம் சோதித்தது ஒருநாள் இருந்தபடியான பெட்டியை மட்டும். அணுகல் கொடுத்திருப்பதோ பத்துப் பதினைந்து வருடத்துக்கு. அந்தப் பொறியாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சீனாவின் 2017ஆம் ஆண்டு தேசிய உளவுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எல்லா நிறுவனங்களும் குடிமக்களும் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. அவர் யாருடைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இது சீனாவுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி பல நாட்டு அரசுகளுக்கு ரகசியக் குறியாக்க இயந்திரங்கள் விற்றது. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட வாங்கின. 1970 முதல் அந்த நிறுவனத்துக்கு மறைமுக உரிமையாளர்கள் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் என்று 2020இல் அம்பலமானது. வாங்கிய நாடுகளின் ரகசியச் செய்திகளை அவர்களால் படிக்க முடிந்தது. நடுநிலை நாடு என்று நம்பி வாங்கியவர்களின் கதி இது.

பெட்டியே விற்காமலும் உள்ளே வரலாம். 2020இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் அந்த அமெரிக்க நிறுவனத்தின் அப்டேட்டுக்குள்ளேயே விஷ நிரல் ஏற்றப்பட்டது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ரஷ்ய உளவுத்துறையின் வேலை என்றது அமெரிக்கா. 2024இல் இன்னும் மோசம்: சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீன ஹேக்கர் குழு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்க வைத்திருந்த அமைப்புகளையே தொட்டுவிட்டது. காவல்துறைக்கு மட்டும் என்று வைத்த வழி எதிரிக்கும் வழியாகிவிட்டது. அரசுகள் இப்படி வழிகள் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நெட்வொர்க் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். தொலைவு அணுகல் எப்போதும் திறந்தே கிடக்கக் கூடாது. வேலை இருக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து, உள்ளே நடப்பது ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, நம் ஆள் ஒருவர் கூடவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்டேட்டுகளை முதலில் சொந்த ஆய்வகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் பணம் ஆகும், ஆட்கள் வேண்டும். டெண்டரில் குறைந்த விலையை மட்டும் பார்க்கும்போது இந்தச் செலவு கணக்கிலேயே வருவதில்லை.

நமக்கு, அதாவது சாதாரணப் பயனர்களுக்கு? 2024 டிசம்பரில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பு, குறிவைக்கப்படக்கூடிய உயர் அதிகாரிகளுக்குச் சொன்ன அறிவுரையே நமக்கும் பொருந்தும்: முனைக்கு முனை குறியாக்கம் (பேசுகிற இருவரைத் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத முறை) உள்ள செயலிகளில் மட்டும் பேசுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை நம்பியிருக்காதீர்கள். இன்றே உங்கள் மின்னஞ்சல் கணக்கில் அந்த ஓடிபியை நிறுத்திவிட்டு பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் கருவியின் பூட்டைத் திறந்தே உள்நுழையும் முறை) அங்கீகாரச் செயலியோ (உள்நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்கும் செயலி) வைத்துவிடுங்கள்.