மேலதிகம் என்ற செலவு

வணக்கம் நேயர்களே. மழைநீரை வீணாக்கக்கூடாது என்று இந்த வானொலியிலேயே பலர் பேசிவிட்டார்கள். நான் அதைத் திரும்பச் சொல்ல வரவில்லை. ஒருவருக்கும் பிடிக்காத ஒரு செலவைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் திருகோணமலைச் சபைக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் "மேலதிகப் பொறியியற் சேவைக்கான நிதி ஒதுக்கீடு" என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். உடனே ஒருவர் எழும்புவார். "டிசைனுக்கு முதலே காசு குடுத்தாச்சு, பிறகென்ன மேலதிகம்?" நல்ல கேள்விதான். ஆனால் பதில் வருமுன்னரே அந்த வரியை வெட்டிவிடுவதுதான் எங்களுடைய பழக்கம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையில் சான்ரா மொனிக்கா என்று ஒரு நகரம் இருக்கிறது. சனத்தொகை ஒரு இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே மழையே இல்லாத நாட்களிலும் வடிகானில் தண்ணீர் ஓடும். கார் கழுவுவது, புல்லுக்கு விடுவது, நடைபாதை கழுவுவது எல்லாம் சேர்ந்து, சனம் குளிக்கிற கடற்கரையிலேயே போய் விழும். 2000, 2001 காலத்தில் அந்த நகரமும் பக்கத்து லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரமும் வேறு சில நீர் நிறுவனங்களும் சேர்ந்து, கடற்கரைப் பாலத்துக்கு அருகே ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டின. செலவு ஏறத்தாழ 120 இலட்சம் டொலர். ஒரு நாளைக்கு 19 இலட்சம் லீற்றர் வரை சுத்திகரிக்கும். பத்தாயிரம் லீற்றர் பௌசரில் ஏற்றினால் 190 பௌசர்.

முதலில் கம்பி வலையில் குப்பையை மறிப்பார்கள். பிறகு மணலை அடையவிடுவார்கள். அடுத்து, அடியிலிருந்து நுண்ணிய காற்றுக் குமிழிகளை விட, எண்ணெயும் அழுக்கும் மேலே மிதந்து வரும், அதை வழித்தெடுப்பார்கள். மிஞ்சியது நுண்வடிகட்டியால் போய், கடைசியில் புற ஊதா ஒளியில் கிருமி சாகும். அந்தத் தண்ணீர் குடிக்கிறதுக்கு இல்லை. பூங்காவுக்கு, மயானத்துப் புல்லுக்கு, சில கட்டடங்களின் மலசலகூடத்துக்கு. சனம் நடந்துபோய்ப் பார்க்கும்படி திறந்த மாதிரியே கட்டியிருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காசு எங்கே போனது என்பதைக் கண்ணாலே காணலாம்.

2006 இல் அந்த ஊர் வாக்காளர்கள், கடற்கரையையும் மழை வடிகால் வேலைகளையும் பராமரிக்கத் தங்கள் காணிகளுக்குத் தாங்களே வருடாவருடம் கட்டுகிற ஒரு வரி போட்டுக்கொண்டார்கள். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. எங்கள் சோலைவரிக்கு அப்படி ஒரு வாக்கெடுப்பு வைத்தால் என்ன முடிவு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நிலையம் கட்டியாயிற்று, வேலை முடிந்ததா? இல்லை. பிற்காலத்தில் உவர் நிலத்தடி நீரையும் மாரி மழைநீரையும் அதே இடத்தில் சுத்திகரிக்க விரும்பினார்கள். முதல் போட்ட வடிகட்டி கரைந்த உப்பைப் பிடிக்காது. அதனால் எதிர்ச் சவ்வூடுபரவல் பொறி, அதாவது தண்ணீரை அமுக்கி நுண்ணிய சவ்வுக்குள்ளால் தள்ளி உப்பைப் பிரிக்கிற பொறி, பொருத்த வேண்டி வந்தது. பாலத்தருகே நிலத்துக்கடியில் 60 இலட்சம் லீற்றர் கொள்ளும் தொட்டியும் வந்தது. ஓடிக்கொண்டிருக்கிற பழைய நிலையத்துக்குள் புதுப் பொறி ஒன்றை வைக்கும்போது எத்தனை கேள்வி! மின்சாரம் காணுமா? பழைய குழாய் அந்த அமுக்கத்தைத் தாங்குமா? பிரித்தெடுத்த உப்புத் தண்ணீர் எங்கே போகும்? இதற்கெல்லாம் முதல் வரைபடத்தில் விடை இருக்காது. ஒரு பொறியியலாளர் புதிதாக உட்கார்ந்து அளந்து, கணக்குப் போட்டு, வரைய வேண்டும். அந்த மணித்தியாலங்களுக்குக் கொடுக்கிற காசுதான் இந்த மேலதிகம்.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். "அதே பிளானை இங்கே கட்டினால் என்ன?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு ஹெக்டேயர் சீமெந்துத் தரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் பத்து இலட்சம் லீற்றர் தண்ணீர். வாடைக்காற்று காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், ஒரே நாளில் அவ்வளவு பெய்வது எங்களுக்குப் புதினமில்லை. அந்த ஒரு நாளில் இரண்டு ஹெக்டேயர்த் தரையின் தண்ணீரைக்கூட சான்ரா மொனிக்கா நிலையம் முழுதாக விழுங்காது. அது கோடைக் கசிவுக்கென்று அளவெடுத்துச் செய்தது. எங்களுக்கோ வருடத்து மழையில் பெரும்பங்கு சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்றும் வறட்சியும்தான். ஆகவே இங்கே முதல் கேள்வி தேக்கம். எங்கே நிறுத்திவைப்பது, எவ்வளவை மணலுக்குள் இறக்குவது?

கோடையிலும் இங்கே வடிகானில் தண்ணீர் ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறது. ஆனால் அது புல்லுக்கு விட்ட தண்ணீரில்லை. குசினித் தண்ணீர், குளித்த தண்ணீர், சில இடங்களில் மலசலக்குழியிலிருந்து கசிவதும். அதற்குக் காற்றுக் குமிழியும் வடிகட்டியும் போதாது, நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கைச் சிதைக்கிற சுத்திகரிப்பும் வேண்டும். அதோடு, பட்டணம் கிடக்கிற கிடையைப் பாருங்கள். ஒரு பக்கம் டச்சுக்குடா, ஒரு பக்கம் பின்குடா, மறுபக்கம் உள்துறைமுகம். கோட்டைப் பக்கமும் ஓர்ஸ் ஹில்லிலும் பாறை, கரைப்பக்கம் மணல். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் தாழ்ந்த வடிகான் வாயால் உப்புத் தண்ணீர் உள்ளே வர அது போதும். உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளக்காமல் வரைகிற வரைபடம் எங்கள் ஊருக்கான வரைபடம் இல்லை.

அதற்காக, கேட்டபோதெல்லாம் அள்ளிக்கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கிணறு வெட்ட வந்தவர் பதினைந்தடியில் கல் கண்டால் கூடக் கேட்பார். இறங்கிப் பார்க்கிறோம், கல் இருக்கிறது, கொடுக்கிறோம். ஆனால் கயிறு கொண்டுவர மறந்துபோனேன், அதற்கும் தாருங்கள் என்றால்? ஆலோசகரிடமும் அதே பார்வைதான் வேண்டும். நிலத்துக்கடியில் எதிர்பாராதது வந்ததா, சபை தன் தேவையை மாற்றியதா, அல்லது முதலே செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா? மூன்றாவதற்குச் சதமும் இல்லை. முதல் இரண்டுக்கும், என்ன வேலை என்று எழுத்தில் வேண்டும், உச்சத் தொகை வேண்டும், அறிக்கை கைக்கு வந்த பிறகு கொடுப்பனவு. அளந்த தரவெல்லாம் சபைக்கே சொந்தமாக வேண்டும். இந்தக் கடைசியை நாங்கள் அடிக்கடி விட்டுவிடுகிறோம். ஆலோசகர் போனால் அவருடைய மடிக்கணினியோடு எங்கள் நிலத்தின் கதையும் போய்விடுகிறது. பத்து வருடத்தில் இன்னொருவர் வந்து அதே துளையைத் திரும்பப் போடுகிறார், திரும்பக் காசு கொடுக்கிறோம்.

கடனுதவித் திட்டங்களில் இன்னொரு சிக்கல். டிசைன் காசு ஒரு தொகையாகக் கட்டப்பட்டுவிட்டால், பிழை தெரிந்த பிறகும் திருத்த வழியிருக்காது. பிழையோடேயே கொங்கிறீற் போடுவார்கள். ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே மாறுதலுக்கென்று ஒரு பங்கைத் தனியாக வைத்து, அதைத் தொடுவதற்குச் சபையின் அனுமதி வேண்டும் என்று போடுவது நல்லது.

எங்களிடம் இன்னும் நிலையம் இல்லை. ஆனால் அளவீட்டை இப்போதே தொடங்கலாம். பெரிய வடிகான் வாய்களில் நீர்மட்டத்தையும் உப்பையும் ஒரு மாரிக்கும் ஒரு கோடைக்கும் பதிந்து வைக்க, ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சில கருவிகளும் போதும். வருட முடிவில் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, வடிகான் தலைப்பின் கீழ் அதற்கு ஒரு தொகை இருக்கிறதா என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.