பல் கட்டப் போகிறீர்களா?

வணக்கம் நேயர்களே. பல் விழுந்த இடத்தில் பிரிட்ஜ் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கேட்பது, "மெட்டலா, செராமிக்கா டாக்டர்?" என்றுதான். பெங்களூரு அல்சூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் இன்னும் நேராகவே கேட்டார்: "ஏம்மா, விலை கூடினதுதானே ஒசத்தி?" அப்படி இல்லை. எந்தப் பல் போயிருக்கிறது, பக்கத்துப் பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தப் பக்கத்துப் பற்கள் இரண்டையும் சுற்றிலும் தேய்த்துக் கேப் மாட்டி, அவற்றின் பலத்தில்தான் நடுவில் பொய்ப்பல் நிற்கிறது. தேய்த்த பல் திரும்ப வளராது. உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய வகைக்கு, கடிக்கும் பரப்பில் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டிவரும். முழு உலோகத்துக்கு அவ்வளவு வேண்டாம். முழு ஜிர்கோனியா என்கிற கெட்டியான செராமிக் வகைக்கும் குறைவாகத் தேய்த்தால் போதும்.

கடைவாய்ப் பல் குட்டையாக இருந்தால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கமும் இருந்தால், நான் இன்னும் முழு உலோகத்தையே சொல்வேன். யாரும் பார்க்காத இடம்தானே! பீங்கான் ஏற்றியதில் மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயரும் ஆபத்து உண்டு. ஈறு இறங்கினால் ஓரத்தில் கருப்புக் கோடும் தெரியும். விலை குறைந்த உலோகத்தில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முன்பல்லுக்கு மறுபேச்சில்லை, செராமிக்தான். ஆனால் நிறம் பார்ப்பதில் அவசரம் கூடாது. பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து, உள்ளதைவிட வெளுத்துத் தெரியும். லிப்ஸ்டிக் போட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அங்கே வளர்ந்தவர்கள் பலரின் பல்லில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் இருக்கும். பளிச்சென்று ஒரே நிறத்தில் பல் கட்டினால் அது மட்டும் தனியாகத் துருத்தும். அந்தத் திட்டையும், பல் செய்து தருகிற லேப்காரரிடம் சொல்லிப் போடவைக்கலாம். ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் அவருக்கும் சுலபம்.

அப்புறம் அந்த வாரண்டி கார்டு. ஜிர்கோனியாவுக்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது உடைகிற கேப்புக்குத்தான், அடியில் சொத்தையாகும் பல்லுக்கு இல்லை. பிரிட்ஜ் வீணாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று அந்தச் சொத்தைதான், எந்தப் பொருளில் கட்டியிருந்தாலும்.

வெறும் பிரஷ் பொய்ப்பல்லுக்கு அடியில் போகாது. நுனி விறைப்பாக, நடுவில் பஞ்சுபோல இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூல் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். பல் கட்டுகிற அன்றைக்கே அதை எப்படி நுழைப்பது என்று டாக்டரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே கண்ணாடி பார்த்து ஒரு தடவை செய்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.