ஸ்பீக்கரைக் காதால் மட்டும் எடை போடுவது எப்படி?

[திரையில்: சேலம் ஐந்து ரோடு மேம்பாலம். பிறகு ஒரு கடைக்குள் வரிசையாக நிற்கும் ஸ்பீக்கர்கள்.]

வணக்கம். கடையில் கேட்டபோது அசத்திய ஸ்பீக்கர், வீட்டுக்கு வந்து பீரோவுக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவில் உட்கார்ந்ததும் பல்லிளித்துவிடுகிறது. ஏன்? ஸ்பீக்கர் மாறவில்லை. கடையில் நீங்கள் கேட்டது ஸ்பீக்கரை மட்டுமல்ல: வால்யூம் எவ்வளவு இருந்தது, பெட்டி எவ்வளவு அழகாக இருந்தது, பக்கத்தில் நின்றவர் என்ன சொன்னார், அந்த ஹால் எவ்வளவு பெரிது, எல்லாம் சேர்ந்துதான் காதுக்குள் போனது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்பது எப்படி என்றுதான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

வாட்ஸ் கணக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பிஎம்பிஓ 5000 என்று, அதாவது கண நேர உச்சத்தை ஊதிப் பெரிதாக்கிச் சொல்லும் வாட்ஸ் எண்ணை, ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று ஒலியின் அதிர்வெண்ணை மட்டும் போட்டு, அதற்குள் சத்தம் எத்தனை டெசிபல் ஏறி இறங்கும் என்று சொல்லாவிட்டால் அதுவும் வெறும் அலங்காரம்தான்.

சரி, சத்தம். இரண்டு ஸ்பீக்கரை அடுத்தடுத்துப் போட்டால், எது கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும். ஒரு டெசிபல் அளவுக்குச் சின்ன வித்தியாசம் இருந்தால் அதைச் சத்தம் என்றே நாம் உணர மாட்டோம், "இதில் தெளிவு அதிகம், உயிர் இருக்கிறது" என்போம். பேஸும், அதாவது தாழ்ந்த ஒலிகளும், அப்படித்தான். வால்யூம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் கோட்டை விடுகிறது, ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1933-லேயே அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். இப்போது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள், ஒரே அளவு பவர் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் அது. ஒன்றில் 84 டெசிபல், இன்னொன்றில் 90 என்று இருந்தால், முதலாவதை இரண்டாவதன் சத்தத்துக்குக் கொண்டுவர நான்கு மடங்கு பவர் வேண்டும். வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டினால் 90 ஜெயிக்கும், கேட்கவே வேண்டாம்.

இதைச் சரிசெய்ய போனில் ஓர் இலவச டெசிபல் மீட்டர் ஆப் போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, பரவாயில்லை, ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிடத்தானே போகிறோம். பாட்டு ஏறி இறங்கும் என்பதால் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலைப் போட்டு அளவெடுங்கள். கிளியூர் அருவிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரே சீரான இரைச்சல்.

[திரையில்: போனில் மீட்டர் ஆப். பின்னணியில் பிங்க் நாய்ஸ், 10 நொடி.]

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்பீக்கர் ஒழுங்காக இருந்தால் இந்த இரைச்சலுக்கு எந்தச் சாயலும் இருக்காது. ஏதாவது ஒரு இடத்தில் அதிர்வு தேங்கினால், டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரியோ, மூக்கால் பேசுகிற மாதிரியோ, உச்சத்தில் "ஸ்ஸ்" என்று சீறுகிற மாதிரியோ கேட்கும். பாட்டில் மறைந்துபோகிற குறை இதில் அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்தது கண். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலி ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள், முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும் பிறகு கண்முன் வைத்தும் மார்க் போடச் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரு ஆடியோ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்தான்! பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளைக் கண்ணால் பார்த்ததும் மார்க் ஏறியது, சின்னதாக, மலிவாக இருந்த செட்டுக்கு இறங்கியது. இந்தத் துறையிலேயே இருப்பவர்கள் கதி இதுவென்றால் நம்மைப் பற்றி என்ன சொல்ல.

வீட்டில் இதைச் செய்வது சுலபம். மெல்லிய பருத்தி வேட்டியை ஸ்பீக்கருக்கு முன்னால் கொடியில் தொங்கவிடுங்கள், ஒலி அதன் வழியே வந்துவிடும். சேலத்து வெண்பட்டை அதற்கு எடுத்துவிடாதீர்கள், வீட்டில் வேறு சத்தம் கேட்க வேண்டியிருக்கும். தம்பியையோ நண்பரையோ மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள், எது ஓடுகிறது என்று அவர் மூச்சுவிடக் கூடாது.

முடிந்தால் ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் போட்டுக் கேளுங்கள். ஸ்டீரியோ என்றால் இரண்டு வேண்டாமா என்று தோன்றும். ஆனால் இரண்டும் சேரும்போது வருகிற அகலமும் ஆழமும் குறைகளை மூடிவிடுகின்றன, ஒற்றை ஸ்பீக்கரில் நல்லதும் கெட்டதும் சட்டென்று பிரிந்துவிடும். ஒற்றையில் ஜெயித்தது ஜோடியிலும் ஜெயிக்கும் என்பதுதான் டூல், ஆலிவ் போன்றவர்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

என்ன போட்டுக் கேட்பது? என் முதல் சாய்ஸ் பாட்டே இல்லை, ஓர் ஆண் குரல் பேச்சு. செய்தி வாசிப்பு போதும். மனிதர் பேசுவது எப்படி இருக்கும் என்று பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதனால் குரல் குடத்துக்குள் போனால் உடனே பிடித்துவிடுவோம். அப்புறம் பெண் குரல். "ச", "ஸ" வரும் இடங்கள் குத்தக் கூடாது. மிருதங்கத்தில் வலந்தலையின் (வலது பக்கத்தின்) கணீரும் தொப்பியின் (இடது பக்கத்தின்) கும்கி என்ற சுருண்டெழும் ஒலியும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதாகக் கேட்க வேண்டும். கும்கி சுருண்டு ஏறும்போது அந்த வளைவு தெரியாமல் வெறும் "தும்" என்று மட்டும் வந்தால், அங்கே பேஸ் இருக்கிறது, ஆனால் கட்டுப்பாடு இல்லை. நாதஸ்வரம் கொஞ்சம் கொடூரமான பரீட்சை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகவும் கூர்மை, பல ஸ்பீக்கர்களில் தாழ்ந்த ஒலிக்கான வூஃபரிடமிருந்து உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்குக் கை மாறுவதும் அந்தப் பக்கம்தான். கை மாறும் இடம் சரியில்லை என்றால் அஞ்சு நிமிஷத்தில் வால்யூமைக் குறைக்கக் கை போகும்.

ஒரே பதிவை நம்பாதீர்கள். அந்தப் பாட்டை மிக்ஸ் செய்தவர் எந்த ஸ்பீக்கரில் கேட்டு பேஸை ஏற்றினார், இறக்கினார் என்று நமக்குத் தெரியாது; அவர் ஸ்பீக்கரின் குறை பாட்டுக்குள் போயிருக்கலாம். நாலைந்து விதமான பதிவுகளில் ஒரே குறை வந்தால்தான் அது உங்கள் ஸ்பீக்கரின் குறை.

கேட்டுக்கொண்டே பக்கவாட்டில் இரண்டு எட்டு நகருங்கள். குரலின் நிறம் சட்டென்று மங்கினால் அது நல்ல அறிகுறி இல்லை, ஏனென்றால் பக்கத்தில் போகும் ஒலியும் சுவரில் பட்டு உங்களிடம்தான் வருகிறது. அதனால்தான் இப்போது முறையாக அளப்பவர்கள் 10 டிகிரிக்கு ஒன்றாக, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் சுற்றி 70 கோணங்களில் அளக்கிறார்கள்.

[திரையில்: 12-க்கு 10 அடி அறையின் வரைபடம்.]

இனி அறை. இங்கேதான் பாதிப் பேருடைய பணம் போகிறது. சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது ஸ்பீக்கரைவிட அறையைத்தான். அஸ்தம்பட்டியில் ஒரு கான்கிரீட் வீடு, 12-க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஒலி தேங்கும், அகலவாக்கில் 56 பக்கம் இன்னொன்று, உயரமும் அதே 10 அடி என்பதால் அந்த 56 இரட்டிப்பாகத் தேங்கும். 80-களின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்குமே, அதைப் போட்டால் ஒரு சுரம் மட்டும் பீரோ கதவை ஆட்டும், அடுத்த சுரம் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயர் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து, முக்கியமாக மூலையிலிருந்து முன்னால் இழுங்கள், உங்கள் நாற்காலியையும் பின்சுவரை விட்டு நகர்த்துங்கள். அரை அடிக்கே வித்தியாசம் தெரியும்.

அதே ஜோடியை ஏற்காட்டில் மரத் தரையும் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய எஸ்டேட் பங்களாவில் வைத்தால், டைல்ஸிலும் கான்கிரீட்டிலும் மோதித் திரும்பிய பளபளப்பு காணாமல் போய் சாந்தமாக ஒலிக்கும். அங்கே ஃபேனும் ஓடாது. சேலத்து மே மாத மதியத்தில் ஃபேன் ஐந்தில் சுற்றும்போது தம்புராவின் நுணுக்கத்தை ஆராய்வதெல்லாம் வீண் வேலை, இரவு பத்து மணிக்கு மேல் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, காது. கேட்கும் திறன் குறைந்தவர்களின் தீர்ப்பு ஒரு நாள் போல மறுநாள் இருப்பதில்லை என்று டூலின் ஆய்விலேயே வந்தது. தறிப்பட்டறையில் ஷிப்ட் முடித்து வந்த உடனே காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும், மேல்ஸ்தாயி ஒலிகள் குறைவாகக் கேட்கும், அப்போது கேட்டால் கத்துகிற ஸ்பீக்கர்தான் பிடிக்கும். இரவு தூங்கி எழுந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒயரில் சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தாலும் பேஸ் காணாமல் போகும், குரலும் நடுவில் நிற்காது, அதையும் பார்த்துவிடுங்கள். அறையில் பேஸ் எங்கே தேங்குகிறது என்பதை ஒரு மைக்கும் இலவச மென்பொருளும் வைத்து அளப்பதை அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன்.